ஒன்றரை அடி

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் புருஷனை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, அவனைக் கட்டிலில் மெல்லச் சாய்த்துவிட்டு டீக்காரம்மா செய்த முதல் வேலை, பின்பக்கம் போய்த் தன் வண்டியைப் பார்த்ததுதான். போட்ட தார்ப்பாயும் கட்டிய கயிறும் அப்படியே இருந்தன. உள்ளே கையை விட்டுத் தடவினாள். பாய்லர் இருந்தது, அடுப்பு இருந்தது, கிளாஸ் அடுக்கும் தட்டு இருந்தது. சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அப்பாடா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்துப் பக்கம் திரும்பினாள்.

சந்து சுருங்கிப் போயிருந்தது.

தூக்கம் கெட்ட கண்ணுக்கு எல்லாம் கோணலாகத்தான் தெரியும் என்று முதலில் நினைத்தாள். வாசலிலிருந்து பின்பக்கம் வருவதற்கு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டு வேலிக்கும் நடுவில் இருந்த நாலடிச் சந்து அது. பதினோரு வருஷமாக விடிகாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், சாயந்தரம் அதே வழியாக உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறாள். கண்ணைக் கட்டி விட்டாலும் இடிக்காமல் போவாள். இப்போது நடுவில் நின்று முழங்கையை மடக்கினால் ஒரு பக்கம் சுவர் இடித்தது, மறுபக்கம் கம்பி குத்தியது. பழைய மரக்கால்களும் துருப்பிடித்த கம்பியும் போன இடம் தெரியவில்லை. புதுச் சிமெண்டுத் தூண்கள் வரிசையாக நின்றன. அவற்றில் நெஞ்சு உயரத்துக்குப் புதுக் கம்பி வலை வெயிலில் பளபளத்தது. வலைக்கு அந்தப் பக்கம், ஒன்றரை அடி தள்ளி, பழைய கால்கள் இருந்த குழிகளை மண் போட்டு மிதித்திருந்தார்கள். பல் பிடுங்கிய ஈறு மாதிரி ஒன்பது தடம் வரிசையாகத் தெரிந்தது.

"என்னடி இது, சந்து இளைச்சுப் போயிருக்கு?" என்றாள் பின்னால் வந்த நாத்தனார். தம்பிக்கு ஆபரேஷன் என்றதும் ஊரிலிருந்து ஓடி வந்து, ஒன்பது நாளும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நர்சுகளோடு சண்டை போட்டவள். "தம்பிதான் இளைச்சான்னு பார்த்தா வீடுமில்ல இளைச்சிருக்கு."

டீக்காரம்மா முந்தானையை எடுத்து வண்டியின் அகலத்தை அளந்து முடிச்சுப் போட்டாள். அதே முந்தானையைச் சந்தின் குறுக்கே பிடித்தாள். முடிச்சு கம்பி வலையைத் தாண்டி அரை அடி வெளியே போயிற்று.

"அண்ணி, வண்டி வெளியே வராது," என்றாள். குரல் அவளுக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "என் வண்டியை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க."

அடுத்த வீட்டுக்காரரை அந்தத் தெருவில் ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷம் பத்திரம் எழுதிய கை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டில் பெயர் தப்பா, பென்ஷன் வரவில்லையா, தண்ணீர்க் குழாய்க்கு இணைப்பு வேண்டுமா, தெருவே அவர் பெஞ்சில் வந்து உட்காரும். முத்து முத்தான கையெழுத்து. யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அவரைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

டீக்காரம்மா போனபோது பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள்.

"வாம்மா, வா," என்றார் ரைட்டர், கண்ணாடியைக் கழற்றி. "தம்பிக்கு உடம்பு எப்படி இருக்கு? தையல் பிரிச்சாச்சா? கனம் தூக்கக் கூடாது, மூணு மாசத்துக்கு. அதுல மட்டும் கவனமா இருக்கணும்."

"வேலி நகர்ந்திருக்குங்க ஐயா."

"நகரலைம்மா. சரியான இடத்துக்கு வந்திருக்கு." சிரித்துக்கொண்டே சொன்னார். "பழசு ஆடிப்போய்ச் சாய்ஞ்சு கிடந்தது. நம்ம ரெண்டு வீட்டுக்கும் பொதுவான விஷயம். உங்களை எதுக்குச் செலவுக்கு இழுக்கணும்னு நானே போட்டுட்டேன். போடறப்போ பத்திரத்துல உள்ளபடி அளந்து பார்த்தா, எனக்கு ஒன்றரை அடி குறையுது. பையன் கார் வாங்கப் போறான். உள்ள வந்து கதவைத் திறக்க இடம் வேணுமில்லையா?"

"என் வண்டி உள்ள மாட்டிக்கிச்சுங்க. சந்து ரெண்டரை அடி, வண்டி மூணு அடி."

"அடடா." ரைட்டர் நிஜமாகவே வருத்தப்படுகிற மாதிரி நாக்கைத் தட்டினார். "தம்பி வெல்டர்தானே? அறுத்து ஒட்டறது அவருக்கு ஒரு நாள் வேலை. உடம்பு தேறினதும் கொஞ்சம் சின்னதா பண்ணிக்கச் சொல்லும்மா."

பெஞ்சில் இருந்தவர்கள் அதுவும் சரிதானே என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்கள். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். மிரட்டினால் நாலு வார்த்தை கேட்கலாம். இந்த மனிதர் ஒன்றரை அடி மண்ணை எடுத்துக்கொண்டு தையல் பிரித்தாச்சா என்று விசாரிக்கிறார். அந்த இனிப்பான குரல் அவள் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இறங்கியது.

"நாங்க வந்தப்புறம் எங்களைக் கூப்பிட்டு அளந்திருக்கலாமில்ல?"

"நல்ல ஆளுங்க கிடைக்கிறது கஷ்டம்மா. கிடைச்சப்போ முடிச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தவரிடம், "உங்க அப்பா பேரைச் சொல்லுங்க," என்றார்.

வீட்டில் வெல்டர் கண்ணை மூடிப் படுத்திருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"விடு," என்றான். "நான் எழுந்து நடந்ததும் வண்டியை ஒரு பக்கம் அறுத்துக் குறைச்சுத் தரேன்."

"எதை அறுப்பீங்க? அடுப்பையா, பாய்லரையா? பக்கத்துல பக்கத்துல வச்சா பால் பொங்கிப் பாய்லர்ல ஊத்தும்னு நீங்கதானே அளந்து அளந்து செஞ்சீங்க? அதைக் குறைச்சா நான் எங்க நின்னு டீ ஆத்துறது, ரோட்டுலயா?"

"ஒன்றரை அடிக்காக ஒரு பெரிய மனுஷனைப் பகைச்சுக்கச் சொல்றியா? அவர் எழுதின கடுதாசியாலதான் எனக்கு ஆஸ்பத்திரியில படுக்கையே கிடைச்சது. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. மூன்று மாதமாக இடம் இல்லை, அடுத்த மாதம் வா என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரைட்டர்தான் பெரிய டாக்டருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். கனமான இரும்பு தூக்குகிற தொழிலாளி, குடலிறக்கம் முற்றிவிட்டது, இன்ன தேதியிலிருந்து பத்து நாள் குடும்பமே உடனிருக்கத் தயார் என்று.

அவள் சட்டென்று கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இன்ன தேதியிலிருந்துன்னு அவர் கையாலதானே எழுதினார்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பத்து நாள் வீடு பூட்டியிருக்கும்னு தெருவுல வேற யாருக்குத் தெரியும்? உங்களுக்குப் படுக்கைக்கு எழுதறப்பவே மனுஷன் வேலிக்கு நாள் குறிச்சிருக்கார்."

வெல்டர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். மூலையில் நின்று கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த நாத்தனார் கரண்டியை அப்படியே நிறுத்தினாள். பதினோரு வருஷத்தில் நாத்தனாரும் டீக்காரம்மாவும் ஒத்துப்போன விஷயம் ஒரு கைவிரலுக்குள் அடங்கும்.

"படுபாவி," என்றாள் நாத்தனார். "தம்பி வயித்தைக் கீறிக்கிட்டுக் கிடக்கிறப்போ வேலியைக் கீறியிருக்கான். நம்ம ரெண்டு பேர் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல இதைப் பாரு."

மறுநாள் டீக்காரம்மா தெருவில் நாலு வீடு ஏறி இறங்கினாள். எதிர் வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே பேசினார்.

"பார்த்தேன்மா. ரெண்டு நாள் வேலை நடந்துச்சு. பழைய காலைப் பிடுங்கித் தள்ளிப் போட்டாங்க. கண்ணால பார்த்தேன்."

"அப்போ வந்து சொல்லுங்க அண்ணே. ஒரு வார்த்தை. பழைய வேலி அங்கதான் இருந்துச்சுன்னு."

மெஷின் நின்றது. தையல்காரர் ஊசியில் நூலைக் கோக்க ஆரம்பித்தார். ஏற்கனவே கோத்திருந்த ஊசி. "என் பொண்ணுக்கு வருமானச் சர்ட்டிபிகேட் எழுதக் கொடுத்திருக்கேன்மா. இந்த வாரம்தான் கடைசி. அது கைக்கு வந்துட்டா..."

மாவு மில்காரிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மூலை வீட்டு டிரைவருக்கு இன்சூரன்ஸ். எல்லாரும் பார்த்திருந்தார்கள். எல்லாருடைய காகிதமும் அந்த மேஜையில் இருந்தது. "நியாயம் உன் பக்கம்தான்," என்று எல்லாரும் அவளிடம் மட்டும், அதுவும் வாசலுக்குள் இழுத்துவைத்து, சொன்னார்கள். நியாயத்தைக் காதோடு காதாகச் சொன்னால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது கன்னம் காந்தியது.

பின்பக்கம் ரைட்டரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக வேலிக்கு இப்படியும் அப்படியும் நின்று பேசிய சிநேகிதம் அது. கல்யாணப் புடவை மடிப்பிலிருந்து கருக்கலைந்த துக்கம் வரை அந்த வேலியில் சாய்ந்து பேசியிருக்கிறார்கள்.

"அக்கா," என்றாள் டீக்காரம்மா.

ரைட்டரம்மா ஒரு வேட்டியை உதறினாள். அது இரண்டு பேருக்கும் நடுவில் திரை மாதிரி விரிந்தது.

"அக்கா, உங்களைத்தான். பழைய வேலி எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வீட்டு விஷயமெல்லாம் அவர்தான் பார்க்கிறார்," என்று வேட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பிறகு காலி வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற சத்தம்.

அன்றைக்கு டீக்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மண் போனது ஒரு கோபம். அந்த வேட்டி விரிந்தது வேறு கோபம்.

நாலாம் நாள் மத்தியானம் காய்கறி மண்டியிலிருந்து மூட்டைக்கார மேஸ்திரி தேடிக்கொண்டு வந்தார். மண்டி வாசல்தான் அவள் கடை போடுகிற இடம். விடிவதற்குள் லாரி இறக்குகிற முப்பது பேரும் அவள் கையால் டீ குடித்துவிட்டுத்தான் முதல் மூட்டையைத் தொடுவார்கள்.

"என்ன தங்கச்சி, மாப்பிள்ளை வந்தாச்சுன்னு கேள்விப்பட்டோம். கடையைக் காணோம்? எதிர்க்கடைக்காரன் டீன்னு சொல்லி ஏதோ குடுக்கிறான். குடிச்சவன் மூட்டையைத் தூக்காம மூட்டை மேலயே படுத்துக்கிறான்."

அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சந்தைக் காட்டினாள். மேஸ்திரி வேலியைப் பார்த்தார். வலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்பது தடத்தைப் பார்த்தார். வண்டியை ஒரு கையால் அசைத்துப் பார்த்தார்.

"பாய்லரையும் சிலிண்டரையும் எடுத்துட்டா ரெண்டு உருளைக்கிழங்கு மூட்டை எடை வருமா?"

"மூணு வரும்," என்றான் உள்ளேயிருந்து வெல்டர். அதுவரைக்கும் விடு விடு என்று சொன்னவனுக்கு, தான் செய்த வண்டியின் எடையைக் குறைத்துச் சொன்னதும் பொறுக்கவில்லை. "ஆங்கிள் எல்லாம் கனமான இரும்பு. சும்மா இல்லை."

"மூணுன்னா ஆறு பேர் போதும்," என்றார் மேஸ்திரி.

ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் வந்தார்கள். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார்கள். ரெண்டு பேர் வேலிக்கு அந்தப் பக்கம் குதித்து நின்றார்கள். "ஏலே பார்த்து, வலையில படாம! அவங்க வேலி, நமக்கெதுக்கு," என்றார் மேஸ்திரி. மூச்சுப் பிடித்து ஒரே தூக்கு. பதினோரு வருஷத்து வண்டி வேலிக்கு மேலே ஆகாயத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு ரைட்டர் வீட்டு முற்றத்தில், அவர் பையனின் இன்னும் வராத காருக்காகச் சிமெண்டு பூசியிருந்த இடத்தில், மெத்தென்று இறங்கியது.

ரைட்டர் பேனாவைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடி வந்தார்.

"என்ன இது? அத்துமீறி உள்ள வர்றது குற்றம். தெரியுமா?"

"தெரியுமே," என்றாள் டீக்காரம்மா. அவளே வேலியைத் தாண்டி வண்டியின் பிடியில் கை வைத்திருந்தாள். "என் வழி உங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சுங்க ஐயா. நான் என் வழியிலதான் போறேன். நீங்க எங்க கொண்டுபோய் வச்சீங்களோ அங்க."

பெரிய இரும்புக் கேட்டைத் திறந்து தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பெஞ்சில் மனுவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். தையல்காரர் மெஷின் அன்று ரொம்ப நேரம் ஓடவில்லை.

சாயந்தரம் கடை முடித்து வண்டியோடு திரும்பி வந்தபோது ரைட்டர் கேட்டில் சங்கிலி சுற்றிப் பூட்டுத் தொங்கியது. தட்டினாள். கூப்பிட்டாள். உள்ளே டிவி சத்தம்தான் கூடியது.

"நம்ம வாசல்ல நிறுத்திக்கலாம்டி," என்றாள் நாத்தனார்.

"வாசலா அண்ணி அது? ரெண்டு படி இறங்கினா சாக்கடை." டீக்காரம்மா சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள், ரைட்டர் கேட்டுக்கு நேர் எதிரே. "வழியை அடைச்சா வண்டி எங்க நிக்குதோ அங்கதான் கடை."

மறுநாள் காலை முதல் அவள் அங்கேயே அடுப்பைப் பற்றவைத்தாள். மேஸ்திரி ஆட்கள் மண்டியிலிருந்து ஒரு நடை கூடுதலாக நடந்து வந்து குடித்தார்கள். மனு எழுத வருகிறவர்கள் கேட்டுக்கு முன்னால் வண்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சுற்றுகிறவன் ஒரு டீ குடிப்பான். குடிக்கிறவன், "என்னம்மா, இங்க கடை போட்டிருக்கீங்க?" என்று கேட்பான். அவ்வளவுதான். ஆற்றுகிற டீ நுரைத்து அடங்குவதற்குள் அவள் முழுக்கதையும் சொல்லி முடித்திருப்பாள், பெயர் சொல்லாமல், குரல் தாழ்த்தாமல். நாத்தனார் பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே விட்ட இடத்தை நிரப்புவாள்.

"தேதி போட்டு எழுதினாரே, அதைச் சொல்லுடி."

"சொன்னேன் அண்ணி."

"அந்த ஒன்பது குழி?"

"அதையும் சொல்லிட்டேன்."

"கார் இன்னும் வரலைங்கிறதை?"

ஆறு நாள். பெஞ்சில் ஆள் குறைந்தது. மனு எழுதிக்கொண்டு வெளியே வந்த ஒருவர், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "நம்ம இடத்தையும் இப்படித்தான் எழுதியிருப்பாரோ," என்று தனக்குள் சொல்லிக்கொண்டது ரைட்டர் காதிலேயே விழுந்தது. ஏழாம் நாள் அவர் கேட்டுக்கு உள்ளேயே நின்று, அதே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? சர்வேயரை வரச்சொல்லி மனு போட்டிருக்கேன். அவர் அளந்து எங்க சொல்றாரோ அங்க வேலி. அதுக்கப்புறம் நீ பேசக் கூடாது."

"நீங்களும் பேசக் கூடாது," என்றாள். ஆனால் சர்வேயர் இருக்கிற அந்த ஆபீசில் பியூனிலிருந்து மேலே உள்ளவர் வரைக்கும் ரைட்டருக்கு வேண்டியவர்கள்.

சர்வேயர் வந்த அன்று அவள் பயந்ததுதான் நடந்தது. வந்தவர் நேராக ரைட்டர் வீட்டுக்குள் போனார். "ஐயா, நல்லா இருக்கீங்களா, உங்ககிட்ட தொழில் கத்துக்கிட்ட நாளெல்லாம்..." என்று பேச்சு கேட்டது. தண்ணீர் குடித்து, சிரித்து, அரை மணி கழித்து வெளியே வந்தார். தெருவே வேலியைச் சுற்றி நின்றது. வெல்டரும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

"எல்லாம் முன்னாடியே பேசியாச்சு," என்றாள் நாத்தனார், எல்லாருக்கும் கேட்கும்படி.

சர்வேயர் அதைக் காதில் வாங்காத மாதிரி வரைபடத்தை விரித்தார். தெருமுனைக் கல்லிலிருந்து சங்கிலியைப் பிடித்தார். ஒருமுறை அளந்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திரும்பவும் முதலிலிருந்து அளந்தார். மூன்றாம் முறை அளக்கும்போது ரைட்டர் பக்கம் பார்க்காமலே அளந்தார். பிறகு ரைட்டர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குச்சியால் ஒரு கோடு கிழித்து, "இங்க தோண்டுங்க," என்றார்.

மேஸ்திரியின் ஆள் கடப்பாரையைப் போட்டான். முழங்கை ஆழத்தில் டங் என்றது. மண்ணை ஒதுக்கினால் மேலே பெருக்கல் குறி செதுக்கிய எல்லைக்கல்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கல் இருந்தது புது வேலிக்கு அந்தப் பக்கம், பழைய வேலிக்கும் அந்தப் பக்கம், ஒரு சாண் உள்ளே. ரைட்டர் வீட்டுத் தொட்டியின் ஒரு ஓரம் அந்தச் சாணில்தான் உட்கார்ந்திருந்தது.

"ஐயா," என்றார் சர்வேயர், மிகவும் சங்கடமாக. "நான் என்ன பண்றது, கல்லு இங்க இருக்கு. பழைய வேலியே அவங்க பக்கம்தான் தள்ளியிருந்திருக்கு."

"அப்படியா," என்றார் ரைட்டர். வெயில் கொஞ்சம் அதிகம் என்று சொல்கிற மாதிரி. "சரி, நாளைக்கே ஆளை வரச்சொல்லி பழைய இடத்துல போட்டுடறேன். அந்த ஒரு சாணுக்குத் தொட்டியை இடிக்க வேண்டியிருக்கும். அதைப் பெருந்தன்மையா விட்டுக் கொடுத்துடுங்க. அக்கம்பக்கம்னு இருந்தா இதெல்லாம் சகஜம்."

"ஆமாம்மா, விட்டுடு," என்றார் தையல்காரர் உடனே. இத்தனை நாளாகத் தன் வாசலைத் தாண்டி வாய் திறக்காதவர். "அதான் ஜெயிச்சுட்டியே."

"பாவம், பெரியவர்," என்றாள் மாவு மில்காரி.

டீக்காரம்மாவுக்கு இத்தனை நாள் வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்று ஆகிவிட்டது. இவள் சந்து போனபோது யாருக்கும் பாவமாக இல்லை. இவள் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டபோது பெருந்தன்மை என்ற சொல் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இப்போது எல்லார் வாயிலும் அது தேனாக ஒழுகுகிறது.

"தொட்டி நிக்கட்டும்," என்றாள். "இடிக்க வேண்டாம். தண்ணி எல்லாருக்கும் வேணும். ஆனா எழுதிக் கொடுங்க."

"எதை?"

"இந்தச் சாண் என் இடம், அதுல உங்க தொட்டி நிக்குதுன்னு. வேலியை நகர்த்தினது நீங்கன்னு. நீங்க மத்தவங்களுக்கு எழுதுவீங்களே, அதே மாதிரி, அதே தாள்ல. எனக்கு எழுதுங்க."

ரைட்டர் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஏறியது. சர்வேயரைப் பார்த்தார். அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தெருவைப் பார்த்தார். தெரு அவர் கையைப் பார்த்தது. கடைசியில் உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக எல்லாரும் பார்க்க, ஓரம் மடித்து, தேதி போட்டு, வரி கோணாமல் எழுதினார். எழுதி முடித்து ஊதி, கொண்டுவந்து நீட்டினார்.

"படிங்க அண்ணி," என்றாள் டீக்காரம்மா.

நாத்தனார் உரக்கப் படித்தாள். "...மேற்படி எல்லைக்கல்லைத் தெரியாமல் தாண்டி, வேலியை அடுத்த வீட்டாரின் நிலத்தில் ஒன்றரை அடி தள்ளி அமைத்துவிட்டேன் என்பதை..."

"நிறுத்துங்க," என்றாள் டீக்காரம்மா. "தெரியாமல்னா?"

"கல்லு மண்ணுக்குள்ள இருந்தது. எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரைட்டர். குரல் பழைய இனிப்புக்குத் திரும்பியிருந்தது. "ஒரு மரியாதைக்கு அப்படித்தாம்மா எழுதுவாங்க. பத்திர வழக்கம்."

"கல்லு மண்ணுக்குள்ள இருந்துச்சு. பழைய வேலி வெளியதானே இருந்துச்சு? அது கண்ணுக்குத் தெரியலையா? அந்த வார்த்தையை அடிங்க."

"ஒரு வார்த்தையில என்னம்மா இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாததா? வார்த்தையை வச்சுத்தானே முப்பது வருஷம் சாப்பிட்டீங்க."

ரைட்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். அப்போது வாசற்படியில் நின்றிருந்த ரைட்டரம்மா பேசினாள். வேட்டிக்குப் பின்னாலிருந்து சொன்ன அந்த ஒரு வரியைத் தவிர இத்தனை நாளில் அவள் குரலை யாரும் கேட்கவில்லை. ஏதோ சட்டியில் தீய்கிறது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"அடிச்சுடுங்க. வேலிக்கு அளந்த கயித்தோட ஒரு முனையைப் பிடிச்சது நான்தான். இன்னும் கொஞ்சம் தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளுன்னீங்க. அவங்க வர இன்னும் ரெண்டு நாள் இருக்குன்னீங்க."

ரைட்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கிச் சுவரில் வைத்து, அந்த ஒற்றைச் சொல்லின் மேல் கோடு கிழித்தார். சொரசொரப்பான சுவரில் கோடு வளைந்து அடுத்த சொல்லையும் தொட்டது.

"அசிங்கமா இருக்கு," என்றார், தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு. "இரும்மா. வேற தாள்ல, அந்த வார்த்தை இல்லாம, சுத்தமா எழுதித் தரேன்."

ரைட்டரம்மா இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதாவது ஒரு சொல் வரும் என்று. டீக்காரம்மா தாளை ரைட்டர் கையிலிருந்து வாங்கினாள்.

"வேண்டாம்," என்றாள். "எழுதினதும் தெரியணும், அடிச்சதும் தெரியணும். இது இப்படியே இருக்கட்டும்."